பெரிய வண்டியும் சிறிய தெருவும்

எங்கள் அத்தான் சென்ற ஆண்டு ஒரு கார் வாங்கினார். அவர் குடியிருப்பது மயிலாப்பூரில், மாடவீதியிலிருந்து உள்ளே பிரிந்து செல்லும் ஒரு சந்தில். வீட்டில் அவர், என் தமக்கை, பள்ளியில் படிக்கும் மகன், வயது முதிர்ந்த தாயார் ஆக நால்வர். வாங்கிய காரிலோ ஏழு பேர் அமரலாம். நீளம் நாலே முக்கால் மீட்டருக்குச் சற்று மேல். அகலம் ஒரு மீட்டர் 85 சென்டிமீட்டர். எடை இரண்டு டன்னுக்கு மேல். “நால்வருக்கு இவ்வளவு பெரிய வண்டி எதற்கு, அத்தான்?” என்று கேட்டேன். “ஆடி மாதத்தில் குலதெய்வம் கோயிலுக்குப் போகிறோமே, தங்கை குடும்பமும் உடன் வருமே, எல்லாரும் ஒன்றாகப் போக வேண்டாமா?” என்றார்.

அந்த விடையில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நம்மில் பலர் பொருள் வாங்கும் முறை அதுவே. விருந்துக்கென்று பெரிய அண்டா வாங்கி வைக்கிறோம். ஆனால் விருந்து முடிந்ததும் அண்டாவைப் பரண்மேல் ஏற்றிவிடுகிறோம். அன்றாடம் அதில் அரைப்படி அரிசி வடிப்பவர் எவரும் இல்லை. காரைப் பரண்மேல் ஏற்ற இயலாது. இரண்டு நாள் யாத்திரைக்கென வாங்கிய அதே வண்டிதான் மற்றை 363 நாளும் பையனைப் பள்ளியில் விடவும், காய்கறி வாங்கவும், அலுவலகத்துக்கு ஒருவராகச் சென்று வரவும் பயன்படுகிறது. அரிதாக வரும் நாளை எண்ணி வாங்கிய பொருளுக்கு அன்றாடம் என்ன விலை கொடுக்கிறோம், அவ்விலையில் எவ்வளவு நம் பையிலிருந்து போகிறது, எவ்வளவு தெருவில் நடந்து செல்பவர் தலையில் விழுகிறது என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்வகை வண்டிகளை எஸ்.யூ.வி. என்று மூன்று ஆங்கில எழுத்துகளால் உலகம் வழங்குகிறது. விளையாட்டுக்கும் பலவகைப் பயனுக்கும் உரிய வண்டி என்பது அவ்வெழுத்துகளின் விரிவு. விளையாட்டு என்றால் பந்தாட்டம் அன்று. மீன் பிடித்தல், மலையேறுதல், காட்டில் கூடாரம் அடித்துத் தங்குதல் முதலிய திறந்தவெளிப் பொழுதுபோக்குகள். அத்தகைய இடங்களுக்குப் போகும் மண்பாதையில் செல்வதற்காக வண்டியின் வயிறு தரையிலிருந்து உயர்ந்திருக்க வேண்டும். நான்கு சக்கரங்களும் தள்ளும் வலிமை பெற்றிருப்பது நலம். சாமான் ஏற்ற இடமும் வேண்டும்.

இதன் மூதாதை போருக்கெனப் பிறந்தது. 1940-ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம், நான்கு சக்கரங்களையும் எஞ்சின் சுழற்றும் சிறு வண்டி ஒன்று வேண்டுமென்று 135 நிறுவனங்களைக் கேட்டது. பாண்டம் என்னும் சிறிய நிறுவனம் 49 நாளில் முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்து குவித்தன. அதுவே ஜீப்பு. நம் நாட்டிலும் 1940-களின் பிற்பகுதியில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்துப் பூட்டி விற்கத் தொடங்கியது. ஒரு காலத்தில் கிராமத்துக்குள் ஜீப்பு வந்தால் தாசில்தார் வந்துவிட்டார் என்றே பொருள். இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. அந்த ஜீப்பு பெரிய வண்டி அன்று. அதன் நீளம் மூன்றரை மீட்டரும் இல்லை. எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும். உயரம் இருந்தது, உறுதி இருந்தது, பருமன் இல்லை.

பருமன் வேறொரு வழியாக வந்து சேர்ந்தது. 1935-இல் அமெரிக்காவில் ஷெவர்லே நிறுவனம் சிறு லாரியின் அடிச்சட்டத்தின்மேல் எட்டுப் பேர் அமரும் கூண்டு ஒன்றை அமைத்துச் ‘சபர்பன்’ என்னும் பெயரால் விற்றது. லாரி உடலில் கார் இருக்கை என்னும் இந்தக் கலப்பு நெடுங்காலம் தொழிலாளருக்கும் தோட்டக்காரருக்கும் உரிய பொருளாகவே ஒதுங்கியிருந்தது. அதை ஊர்நடுவே கொண்டுவந்து நிறுத்தியது ஒரு சட்டம். அதுவும், எண்ணெயைச் சிக்கனப்படுத்தவென்று இயற்றிய சட்டம்!

1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தபோது அமெரிக்காவில் பெட்ரோல் நிலையங்களின் வாயிலில் கார்கள் மணிக்கணக்காக வரிசையில் நின்றன. 1975-இல் அந்நாட்டுக் காங்கிரசு ஒரு சட்டம் செய்தது. 1985-ஆம் ஆண்டுக்குள் ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்கள் சராசரியாக ஒரு காலனுக்கு 27.5 மைல் ஓட வேண்டும் என்பது விதி. நம் கணக்கில் லிட்டருக்கு ஏறத்தாழ 11.7 கிலோமீட்டர். சிறு லாரிகளுக்கோ இத்தனை கடுமை இல்லை. உழவரும் தச்சரும் குழாய் பழுது பார்ப்பவரும் பிழைப்புக்காக ஓட்டும் வண்டி என்று எண்ணித் தனித்த, எளிய அளவு ஒன்று அவற்றுக்கு வகுத்தனர். அது 1990-களின் நடுவிலும் 20.7 மைலாகவே நின்றது. 1978-இல் எண்ணெயை மிகுதியாகக் குடிக்கும் கார்களுக்குத் தனி வரி விதித்தபோதும் சிறு லாரிகளுக்கு விலக்குக் கிடைத்தது. பிறகு நடந்ததை ஊகிப்பது அரிதன்று. பெரிய காரைக் காராகச் செய்தால் தொல்லை. அதையே லாரி என்று எழுதிக்கொண்டால் தொல்லை இல்லை. லாரிச் சட்டத்தின்மேல் மெத்தையிட்ட கூண்டுகள் பெருகின. 1990-இல் ஃபோர்டு நிறுவனம் வெளியிட்ட ‘எக்ஸ்ப்ளோரர்’ குடும்ப வண்டியாக அந்நாடு முழுவதும் பரவியது. 2003-இல் இன்னொரு விந்தை நிகழ்ந்தது. சொந்தத் தொழில் நடத்துவோர், சுமையுடன் 6,000 பவுண்டுக்கு மேல் நிறுக்கும் வண்டி வாங்கினால், ஒரு லட்சம் டாலர் வரை வருமானத்திலிருந்து அந்த ஆண்டே கழித்துக்கொள்ள வரிச் சட்டம் இடம் தந்தது. சொந்தத் தொழில் நடத்துவோரில் மருத்துவரும் வழக்கறிஞரும் அடங்குவர். இலேசான கார் வாங்கியவருக்கு அந்தச் சலுகை இல்லை. அடுத்த ஆண்டே எஸ்.யூ.வி.களுக்கான வரம்பை 25,000 டாலராகக் குறைத்தார்கள். ஆயினும் எடைக்குப் பரிசு கொடுத்த கதை கொடுத்த கதைதான்.

நம் நாட்டின் வரிச் சட்டம் இதற்கு மாறான திசையில் வேலை செய்தது. 2006 முதல் நான்கு மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட, சிறிய எஞ்சின் கொண்ட கார்களுக்கு வரி குறைவு. 2025 செப்டம்பரில் திருத்திய சரக்கு, சேவை வரியிலும் அவ்வேற்றுமை நிற்கிறது: சிறியவற்றுக்கு நூற்றுக்கு 18, பெரியவற்றுக்கு 40. ஆகவேதான் நம் சாலைகளில் நான்கு மீட்டருக்குள் வாலை நறுக்கிக்கொண்டு, உயரத்தை மட்டும் வளர்த்துக்கொண்ட வண்டிகளை மிகுதியாகக் காண்கிறோம். இன்று இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் பாதிக்கு மேற்பட்டவை எஸ்.யூ.வி. முதலிய பயன்பாட்டு வண்டி வகையைச் சேர்ந்தவை என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் அவற்றுள் பெரும்பங்கு பொய்க்கால் கட்டிய சிறு கார்களே. நான் பேசுவது அவற்றைப் பற்றி அன்று. அத்தான் வாங்கியதைப் போன்ற இரண்டு டன் வண்டிகளைப் பற்றி.

அவற்றின் நலங்களை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏழு பேர் ஒரே வண்டியில் செல்வது இரண்டு கார்களில் செல்வதைவிடச் சிக்கனம்; எல்லா இருக்கைகளும் நிரம்பினால் தலைக்கு ஆகும் எண்ணெய்ச் செலவு சிறு காரினும் குறையக்கூடும். மலைச்சரிவில் மண்பாதையில் வாழும் தோட்ட மருத்துவருக்கும், வனக் காவலருக்கும், படகை இழுத்துச் செல்பவருக்கும் இவ்வண்டி ஆடம்பரம் அன்று, கருவி. வயிறு தரையிலிருந்து 20 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்திருப்பதால் நம் ஊர்களில் அளவின்றி எழுப்பிய வேகத்தடைகளில் அடி தட்டுவதில்லை. முழங்காலில் வலி உள்ளவர்கள் தாழ்ந்த காருக்குள் குனிந்து இறங்குவதைவிட நிமிர்ந்து அமர்வதை விரும்புவார்கள். இதற்கும் ஓர் எல்லை உண்டு. அத்தான் வண்டியின் தளம் எவ்வளவு உயரம் என்றால், அவருடைய தாயார் ஏறும்போது பையன் முக்காலி எடுத்து வந்து போடுகிறான். இறங்கியதும் முக்காலியை மீண்டும் உள்ளே எடுத்து வைக்க வேண்டும். மூன்றாம் வரிசை இருக்கையை நிமிர்த்தினால் பின்னால் ஒரு பெட்டிக்குமேல் வைக்க இடம் இல்லை என்பதும், ஏழு பேருக்கு ஒரு பெட்டி போதாது என்பதும் கோயிலுக்குப் புறப்பட்ட அன்றுதான் தெரிந்தது.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு சொல். 2015 டிசம்பரில் சென்னை நீரில் ஆழ்ந்தபின், பெரிய வண்டி இருந்தால் தப்பிக்கலாம் என்னும் எண்ணம் பலருக்கு உண்டாயிற்று. முழங்கால் அளவு தேங்கிய நீரில் இது மெய்யே. எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேல் இருக்கும்வரை வண்டி ஓடும். உயர்ந்த வண்டியில் அந்த வாயும் உயர்ந்திருக்கும். ஆனால் ஓடும் வெள்ளத்தின் கணக்கு வேறு. ஆர்க்கிமிடீஸின் விதியை நினைவுகூருங்கள். வண்டியின் தளப்பரப்பு எட்டுச் சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், தளத்துக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்துச் சென்டிமீட்டர் நீரும் 800 கிலோகிராம் விசையுடன் அதை மேலே தூக்கும். கதவிடுக்கு வழியாக நீர் உள்ளே நிறைவதற்குமுன், தளத்தின்மேல் 26 சென்டிமீட்டர் நீர் நின்றாலே 2,100 கிலோகிராம் வண்டி மிதக்கத் தொடங்கும். மிதந்த பிறகு நான்கு சக்கரம் உந்தினால் என்ன, நாற்பது சக்கரம் உந்தினால் என்ன? இரண்டடி ஆழமுள்ள ஓடும் நீர் பெரும்பாலான வண்டிகளை, எஸ்.யூ.வி. உட்பட, அடித்துச் செல்லும் என்று அமெரிக்க வானிலைத் துறையினர் எச்சரிப்பது இதனாலேதான்.

அன்றாடச் செலவுக்கு வருவோம். நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர், ஆண்டில் 300 நாள் ஓட்டம் என்று கொண்டால் 6,000 கிலோமீட்டர் ஆகிறது. நகர நெரிசலில் சிறு கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டரும் பெரிய வண்டி 8 கிலோமீட்டரும் தருவதாகக் கொள்வோம். முன்னதற்கு 400 லிட்டர், பின்னதற்கு 750. வேற்றுமை 350 லிட்டர். நகரில் வண்டி நிற்பதும் புறப்படுவதுமாக இருக்கிறது. ஒவ்வொரு முறை புறப்படும்போதும் இரண்டு டன் இரும்பை அசைக்க எஞ்சின் செலவிட்ட சக்தி, அடுத்த சிவப்பு விளக்கில் பிரேக்கின் சூடாக மாறிக் காற்றோடு போகிறது. யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அந்த யானை வழியெல்லாம் நின்று நின்று தின்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். எரித்த எண்ணெய் புகையாகவும் கணக்கில் வரும். ஒரு லிட்டர் டீசல் ஒரு கிலோகிராமுக்கும் குறைவாகவே நிறுக்கும். அது எரிந்து வெளிவரும் கரியமில வாயுவோ இரண்டரைக் கிலோகிராமுக்கு மேல். காற்றிலுள்ள ஆக்சிஜன் கரியுடன் சேர்வதால் இந்தப் பெருக்கம். லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால், அந்த 350 லிட்டரின் விலை 35,000 ரூபாய். கோயிலுக்குப் போகும் இரண்டு நாளுக்கு வாடகை வண்டி எடுத்தாலும் அதில் மிச்சம் இருக்கும். அத்தானிடம் இக்கணக்கை நான் காட்டினேன். “வாடகை வண்டியில் போனால் ஊரார் என்ன நினைப்பார்கள்?” என்றார். அக்கேள்விக்குப் பெளதிக நூலில் விடை இல்லை.

எண்ணெய்க்குப் பதில் மின்சாரம் வந்தால் இத்தொல்லை தீருமா என்று சிலர் கேட்கலாம். புகை குறையும், எடை குறையாது. 2023 ஜனவரியில் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவர் ஜெனிஃபர் ஹோமெண்டி இதைச் சுட்டிக்காட்டினார். ‘ஹம்மர்’ மின்வண்டி 9,000 பவுண்டுக்கு மேல், அதாவது நான்கு டன்னுக்கு மேல் நிறுக்கிறது. அதன் மின்கலத் தொகுதி மட்டுமே ஒரு முழு ஹோண்டா சிவிக் காரின் எடையுடையது. பாரிஸ் நகர மக்கள் 2024 பிப்ரவரியில் வாக்கெடுப்பு நடத்தி, வெளியூரார் கொண்டுவரும் கனத்த வண்டிகளுக்கு நிறுத்தக் கட்டணத்தை மும்மடங்காக்கினார்கள். நகரின் நடுப்பகுதியில் மணிக்கு 18 யூரோ. மின்வண்டிகளுக்கும் இரண்டு டன் என்று ஒரு வரம்பு வைக்க அவர்கள் மறக்கவில்லை. நிறுத்துமிடம் என்பது எவ்வளவு பெரிய வழக்கு என்று எங்கள் சந்தில் நின்று பார்த்தால் விளங்கும். சந்தின் அகலம் நான்கு மீட்டர். அத்தான் வண்டி ஓரமாக நின்றபின், நீட்டிக்கொண்டிருக்கும் பக்கக் கண்ணாடிக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையில் காய்கறித் தள்ளுவண்டி நுழையலாம். ஆட்டோரிக்ஷா நுழைவது ஓட்டுபவர் திறமையைப் பொறுத்தது.

இனி உயரத்தால் வரும் கேடுகள். வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டியைப் பார்த்திருப்பீர்கள். பாரம் உயர உயர, வண்டிக்காரர் வளைவில் எவ்வளவு மெதுவாக மாட்டை நடத்துகிறார்! சக்கரங்களுக்கிடையேயுள்ள அகலத்தைப் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தைப்போல் இருமடங்கால் வகுத்தால் வரும் எண், வண்டி எவ்வளவு எளிதில் கவிழும் என்பதைக் காட்டும். எண் சிறிதானால் ஆபத்துப் பெரிது. சாதாரணக் கார்களுக்கு இது பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரை, எஸ்.யூ.வி.களுக்கு 1.0 முதல் 1.3 வரை. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில், எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் மிகுதியாகப் பூட்டியிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்களில் 65 லட்சத்தைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஓடும்போது டயரின் மேற்பட்டை உரிந்தது. உயர்ந்த வண்டிகள் நிலைகுலைந்து உருண்டன. இறந்தவர் 250-க்கு மேல். டயர் செய்தவர் வண்டியையும், வண்டி செய்தவர் டயரையும் குற்றம் சொன்னார்கள். அதன் பின்னர் டயரில் காற்றுக் குறைந்தால் எச்சரிக்கும் கருவியும், வண்டி சறுக்கத் தொடங்கும்போது சக்கரங்களைத் தனித்தனியே பிடித்து நேராக்கும் மின்னணுக் கருவியும் அந்நாட்டில் கட்டாயமாயின. கவிழும் விபத்துகள் இதனால் பெரிதும் குறைந்தன. பொறியியலார்க்கு இதில் உரிய புகழைக் கொடுக்கத்தான் வேண்டும்.

உள்ளே இருப்பவருக்கு அந்தப் பெரிய உடல் கேடயம் என்பதும் உண்மையே. ஆனால் மோதலில் கேடயத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்? உங்கள் வகுப்பில் படித்த உந்த அழியா விதியைக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். 800 கிலோகிராம் கார் ஒன்றும், 2,400 கிலோகிராம் வண்டி ஒன்றும் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொள்வதாகக் கொள்வோம். மோதியபின் இரண்டும் பெரிய வண்டி சென்ற திசையிலேயே 25 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். பெரிய வண்டியில் இருப்பவரின் வேகம் 50-லிருந்து 25 ஆயிற்று, மாற்றம் 25. சிறிய காரில் இருப்பவர் முன்னோக்கி 50-இல் சென்றவர், அரை நொடிக்குள் பின்னோக்கி 25-இல் செல்கிறார், மாற்றம் 75. ஒரே மோதல், ஒருவர் உடல் ஏற்கும் அதிர்ச்சி மற்றவருடையதைப்போல் மும்மடங்கு.

எடைமட்டுமன்றி உயரமும் இதில் சேர்ந்துகொண்டது. பெரிய வண்டியின் பம்பர் சிறிய காரின் பம்பருக்கு மேலே ஏறி, அதன் கதவையும் கண்ணாடியையும் தாக்கியது. 1999-இல் ஃபோர்டு நிறுவனம் வெளியிட்ட ‘எக்ஸ்கர்ஷன்’ என்னும் மூன்று டன் வண்டியில், முன்பம்பருக்குக் கீழே குறுக்காக ஓர் எஃகுச் சட்டத்தைப் பொருத்தினார்கள். எதற்கு? மோதும்போது சிறு கார் அடியில் புகுந்துவிடாமல் தடுப்பதற்கு. ஒரு பொருளைச் செய்பவரே, அது பிறர்மேல் ஏறிவிடும் என்று கண்டு ஒரு தடை வைக்க நேர்ந்ததை அப்பொருளின் வரலாற்றில் ஒரு தனிக் குறிப்பாகக் கொள்ளலாம். 2003-இல் வண்டி செய்வோர் ஒன்றுகூடி, 2009-க்குள் இத்தகைய வண்டிகளின் முன்பகுதியைக் கார்களின் பம்பர் மட்டத்துக்கு இணக்குவதென்று ஒப்புக்கொண்டார்கள். பயன் கண்கூடு. 1989-92 ஆண்டுகளில், எதிர்க் காரின் ஓட்டுநர் இறப்பதற்குக் கார் காரணமாவதைவிட எஸ்.யூ.வி. காரணமாவது 132 விழுக்காடு மிகுதி; 2013-16-இல் அம்மிகுதி 28 விழுக்காடாகச் சுருங்கியது. காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு இது.

ஆனால் காருக்குள் இருப்பவரோடு தெரு முடிந்துவிடுவதில்லை. நடப்பவருக்குப் பம்பர் ஏது? 2009-இல் அமெரிக்கச் சாலைகளில் மாண்ட பாதசாரிகள் ஏறத்தாழ 4,100 பேர்; 2022-இல் 7,500-க்கு மேல். இருளும், அகன்ற சாலைகளும், கைபேசியும் இதற்குக் காரணங்களே. எல்லாப் பழியையும் ஒரே வண்டியின்மேல் போடுவது நேர்மையன்று. எனினும் 2023-இல் அதே கழகம் ஏறத்தாழ 18,000 பாதசாரி விபத்துகளை ஆராய்ந்தது. பானெட்டின் முனை தரையிலிருந்து 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள், 30 அங்குலத்துக்கு உட்பட்டுச் சரிந்த முகமுள்ள வண்டிகளைவிடப் பாதசாரியைக் கொல்லும் வாய்ப்பு 45 விழுக்காடு மிகுதி என்று கண்டது. காரணம் எளியது. தாழ்ந்த கார் காலில் மோதுகிறது. மனிதன் பானெட்டின்மேல் சாய்ந்து விழுகிறான். உயர்ந்த சுவர் போன்ற முகம் மார்பிலும் தலையிலும் மோதிக் கீழே தள்ளுகிறது. பெரியவருக்கு மார்பு உள்ள இடத்தில் சிறுவருக்குத் தலை உள்ளது.

உயரத்தில் அமர்ந்தால் சாலை நன்றாகத் தெரிகிறது என்று இவ்வண்டியை வாங்குவோர் எல்லாரும் சொல்வார்கள். தொலைவு நன்றாகத் தெரிவது உண்மை. கூத்து நடக்கும் இடத்தில் முன்வரிசையார் எழுந்து நின்றால் அவர்களுக்கும் நன்றாகத்தான் தெரியும். பின்னால் இருப்பவர்களும் எழ வேண்டும், அவ்வளவே. அண்மையில் இருப்பதோ தெரிவதில்லை. இதை வடிவொத்த முக்கோணங்களைக்கொண்டு நீங்களே கணக்கிடலாம். ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 150 சென்டிமீட்டர் உயரம். பானெட்டின் முனை 110 சென்டிமீட்டர் உயரம். இரண்டுக்கும் இடையே தொலைவு 200 சென்டிமீட்டர். பார்வைக் கோடு 200-க்கு 40 இறங்குகிறது. அதாவது ஐந்துக்கு ஒன்று. அது தரையைத் தொடுவது கண்ணிலிருந்து 750 சென்டிமீட்டரில், வண்டியின் முகத்திலிருந்து ஐந்தரை மீட்டருக்கு அப்பால். இரண்டரை வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர். அக்குழந்தை முகத்திலிருந்து ஒரு மீட்டருக்குள் எங்கே நின்றாலும் அதன் தலைமுடிகூட ஓட்டுநருக்குத் தெரியாது. சிறு காரில் கண்ணின் உயரம் 120, முனையின் உயரம் 85, இடைத்தொலைவு 140 என்று கொண்டால், குழந்தை பம்பரை ஒட்டி நின்றாலும் அதன் உச்சந்தலை தெரியும். புதிய வண்டிகளில் இக்குறை வளர்ந்தே வந்துள்ளது. சபர்பன் வண்டியின் 2000-ஆம் ஆண்டு மாதிரியில் ஓட்டுநருக்கு முன்னே பத்து மீட்டருக்குள் உள்ள பரப்பில் 56 விழுக்காடு தெரிந்தது. 2023 மாதிரியில் 28 விழுக்காடுதான் என்று அளந்திருக்கிறார்கள். 2018 மே முதல் அமெரிக்காவில் புதிய கார்களின் பின்புறத்தைக் காட்டும் கேமரா கட்டாயம். அச்சட்டம் பின்புறத்தைப் பற்றியது, முன்புறத்தைப் பற்றியதன்று.

இந்த முக்கோணத்தை அத்தானுக்குத் தாளில் வரைந்து காட்டினேன். அவர் நம்பவில்லை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி, அவர் தாயார் ஏறுவதற்கென வைத்திருக்கும் முக்காலியை வண்டியின் முன்னே போட்டு, அதன்மேல் ஒரு செப்புக் குடத்தைக் கவிழ்த்தோம். தரையிலிருந்து குடத்தின் உச்சி 90 சென்டிமீட்டர். பையன் முக்காலியைப் பம்பரை ஒட்டி வைத்து, சாண் சாணாக நகர்த்திக்கொண்டே, “தெரிகிறதா, அப்பா?” என்று கேட்டு வந்தான். “இல்லை” என்றார். மீண்டும் கேட்டான். “இல்லை” என்றார். கயிற்றால் அளந்தபோது ஒரு மீட்டரும் பத்துச் சென்டிமீட்டரும் ஆனபின்தான், “ஏதோ பளபளக்கிறது” என்றார். பிறகு இறங்கிவந்து, பம்பருக்கும் குடத்துக்கும் இடையே இருந்த வெற்றிடத்தில் சற்றுநேரம் நின்றார். எதிர்வீட்டுப் பெண்குழந்தை அந்த இடத்தில்தான் நாள்தோறும் கோலத்துக்கு அருகே உட்கார்ந்து விளையாடும்.

இப்போது அவர் வண்டியை எடுக்குமுன் முன்புறம் சென்று ஒருமுறை பார்த்துவிட்டே ஏறுகிறார். காய்கறிக்கு என் தமக்கையின் ஸ்கூட்டர் போகிறது. ஆடி மாதம் நெருங்கிவிட்டது. தங்கை வீட்டில் இருவருக்குத் தேர்வு இருப்பதால், இவ்வாண்டு கோயிலுக்கு ஐந்து பேர்தான் செல்வார்கள் போலிருக்கிறது.